என்டர் தட்டினால் எங்கே போகிறது கர்சர்?

டேட்டாபேஸ் கொரி எடிட்டரில் என்டர் தட்டியதும் கர்சர் எங்கோ நடுவில் போய் நிற்கும். பேக்ஸ்பேஸ் தட்டித் தட்டியே விரல் தேய்ந்துவிடும். எடிட்டரைத் திட்டுவதற்கு முன் ஒரு பழைய கதை.

1928ல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 எழுத்துக்கு இடம் இருந்தது. 1957ல் வந்த ஃபோர்ட்ரான் மொழி அந்த அட்டைக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. முதல் 5 இடம் கட்டளை எண்ணுக்கு. 7 முதல் 72 வரை கட்டளை. தவறி 6வது இடத்தில் ஓர் எழுத்து விழுந்தால், அது முந்தைய வரியின் தொடர்ச்சி ஆகிவிடும்! கடைசி 8 இடங்களைக் கம்பைலர் பார்க்காது. அட்டைக் கட்டு கீழே விழுந்தால் திரும்ப அடுக்குவதற்கான எண்கள் அங்கே இருக்கும். (வவுச்சர் கட்டைக் கலைத்துவிட்டு முழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.)

1974ல் ஐபிஎம்மின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் சீக்வல் மொழியை வெளியிட்டார்கள். பின்னாளில் எஸ்க்யூஎல் ஆனது அதுதான். புரோகிராமர் அல்லாதவரும் ஆங்கில வாக்கியம் மாதிரி எழுதிக் கேட்கட்டும் என்பது எண்ணம். இதில் ஓர் இடைவெளி விட்டாலும் பத்து விட்டாலும் ஒன்றுதான். 1986ல் அமெரிக்கத் தர நிறுவனம் இலக்கணம் வகுத்தபோதும், வரியை எங்கே தள்ளி எழுதுவது என்று விதிக்கவில்லை. சி மொழியில் அடைப்புக்குறியைப் பார்த்து எடிட்டர் உள்ளே தள்ளும். எஸ்க்யூஎல்லில் 'செலக்ட்' பகுதி முடிந்ததா என்பதே அடுத்த சொல் வந்தால்தான் தெரியும். பாதி எழுதிய வாக்கியத்தை வைத்துக்கொண்டு பாவம் எடிட்டர் என்ன செய்யும்? ஊகிக்கிறது.

அழகு மட்டும்தான் பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். பழைய பில்களை அழிக்க ஒருவர் எழுதுகிறார்: ரத்தானவை 'ஆர்' காலாவதியானவை 'ஆண்ட்' 2005ஆம் ஆண்டு. முதல் இரண்டையும் ஒரே அளவில் தள்ளி எழுதியிருப்பதால், இரண்டுக்கும் 2005 பொருந்தும் என்று கண் படிக்கிறது. டேட்டாபேஸோ 'ஆண்ட்'டைத்தான் முதலில் சேர்க்கும். ரத்தான பில்கள் எல்லா ஆண்டுக்கும் சேர்த்துப் போய்விடும். ஆடிட்டர் வரும்போதுதான் தெரியும்!

கண்ணை நம்பிப் பெரிய கம்பெனிகளும் ஏமாந்திருக்கின்றன. 2014ல் ஆப்பிளின் பாதுகாப்பு நிரலில் 'கோட்டு ஃபெயில்' என்ற வரி தவறுதலாக இரண்டு முறை இருந்தது தெரியவந்தது. இரண்டும் ஒரே அளவில் உள்ளே தள்ளியிருந்ததால், இரண்டுமே மேலே இருந்த 'இஃப்'புக்கு உட்பட்டவை போலத் தெரிந்தன. உண்மையில் இரண்டாவது எப்போதும் ஓடியது. கையெழுத்துச் சோதனை நடக்காமலே போனது.

2016ல் வந்த ஜிசிசி 6 கம்பைலர், இப்படி ஏமாற்றும் வரியைக் கண்டால் எச்சரிக்கத் தொடங்கியது.