கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையும் மாதர் பட்டமும்

அறிவு வளர்ச்சிக்குக் கலந்துரையாடல் இன்றியமையாதது என்பது கற்றோர் யாவர்க்கும் உடன்பாடே. ஆயின், ஒரு சாராரைப் பற்றி அவர்கள் இல்லாத சபையிலே நிகழும் பேச்சினைக் கலந்துரையாடல் எனல் பொருந்துமா? இவ்வினாவை எழுப்புவார்க்கு இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலை வரலாறு பெரிதும் பயன்படும்.

எமிலி டேவிஸ் அம்மையார் 1869ஆம் ஆண்டில் ஹிற்சின் என்னும் ஊரிலே ஐந்து மாணவியருடன் தொடங்கிய கல்லூரி, 1873இல் கேம்பிறிட்ஜுக்கு அருகே பெயர்ந்து கேட்டன் கல்லூரியாயிற்று. நியூனம் கல்லூரிக்கு 1871இல் வித்திடப்பட்டது. (நம் நாட்டுச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அச்சர்வகலாசாலையின் கிறைஸ்ற் கல்லூரியிற் பயின்றதும் ஏறக்குறைய இக்காலத்தேயாம்.) 1881 முதல் மாதர் பரீட்சை எழுதும் உரிமை பெற்றனர், பட்டம் பெறும் உரிமையோ பெற்றிலர். 1890இல் நியூனம் மாணவி பிலிப்பா போசெற் கணிதப் பரீட்சையிலே ஆடவர் அனைவரையும் விஞ்சினார். 'முதல்வருக்கு மேல்' என அவர் பெயர் வாசிக்கப்பட்டது. முதல்வர் என்னும் சிறப்புப் பெயர் மாத்திரம் அவருக்குப் பின்வந்த ஆடவருக்கே உரியதாயிற்று!

அக்காலத்தில் பட்டம் வழங்குவதைத் தீர்மானித்தது செனற் சபை. பட்டம் பெற்றோர்க்கே அச்சபையில் இடமும் வாக்கும் இருந்தன. அச்சபை இசைந்தாலன்றி மாதர்க்குப் பட்டம் இல்லை என்பதே அன்றைய நிலை. பட்டம் இன்மையால் அச்சபையிற் பேசவும் அவர்க்கு வழியில்லாதிருந்தது. பூட்டிய பெட்டிக்குள்ளே அதன் திறப்பை வைத்தது போன்ற ஏற்பாடு அது.

எதிர்த்தோர் அனைவரும் கல்லாதவரோ கொடியவரோ அல்லர். பொருளியலறிஞர் அல்பிரட் மார்சல் மாணவியர்க்குக் கற்பித்தவர். அவர்தம் மனைவியாராகிய மேரி பேலி நியூனத்தின் முதல் மாணவியருள் ஒருவர். கணவருடன் சேர்ந்து 1879இல் பொருளியல் நூலொன்றை வெளியிட்டவர். அத்தகைய மார்சலே மாதர்க்குப் பட்டம் வழங்கலை எதிர்த்து நின்றார். அவ்வில்லத்து உணவுமேசையில் இப்பொருள் எவ்வாறு பேசப்பட்டிருக்கும் என எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

1897ஆம் ஆண்டு மே மாதத்தில் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. பட்டத்தின் பெயரளவையாவது தருக என்பதே வேண்டுகோள். வாக்களிக்க வந்த பழைய மாணவர்க்காக இலண்டனிலிருந்து விசேட புகையிரதங்கள் ஓடின. செனற் மண்டபத்துக்கு எதிரே, துவிச்சக்கர வண்டியில் அமர்ந்த பெண்ணின் உருவப் பொம்மையொன்றை மாணவர் தொங்கவிட்டனர். வேண்டுகோள் பெருந்தோல்வியுற்றது. ஒக்ஸ்பேட் 1920இல் மாதர்க்குப் பட்டம் வழங்கிய பின்னரும் கேம்பிறிட்ஜ் இசைந்திலது. 1921இல் பெயரளவுப் பட்டம் மட்டும் தந்தது. அன்று மாணவர் கூட்டமொன்று நியூனம் கல்லூரியின் வாயிற் கதவுகளைக் கைவண்டியால் இடித்துச் சிதைத்தது. அக்கதவுகள் அக்கல்லூரியின் முதல் அதிபராகிய ஆன் குளோ அம்மையாரின் நினைவாக அமைந்தவை. இளைஞரை மட்டும் பழித்தல் நீதியன்று. மண்டபத்தினுள்ளே ஆசான்மார் வாக்கினாற் செய்ததையே வெளியே அவர் வண்டியினாற் செய்தனர்.

மாதர் வாளாவிருந்தனரல்லர். நியூனத்தில் அரசியல் விவாதக் கழகம் அமைத்து, பாராளுமன்றம்போலவே கூடி வாதிட்டனர். 1928இல் வேர்ஜினியா வூல்ப் அம்மையார் அவ்விரு கல்லூரிகளிலும் மாதரும் புனைகதையும் பற்றி ஆற்றிய உரைகள் மறு ஆண்டு நூலாக விரிந்தன. எழுதுவதற்குப் பெண்ணுக்குப் பணமும் தனியறையும் வேண்டும் என அவர் வெளிப்படையாகக் கூறினார். உரிமையைப் பற்றிய பேச்சு உயர்ந்த தத்துவங்களை விட்டுச் செலவுக் கணக்குக்கு இறங்கியது அங்கேதான். அதனையே நான் அவ்வுரைகளின் பெருஞ்சிறப்பாகக் கருதுகின்றேன்.

1939இல் டொரதி கரட் தொல்பொருளியற் பேராசிரியரானார். பேராசிரியராகியும் சர்வகலாசாலையின் முழு உறுப்பினராகும் உரிமை அவர்க்கில்லை. இந்நிலையை இனியும் நியாயப்படுத்துவார் அரிதாயினர். 1947 டிசம்பரில் செனற் எதிர்ப்பின்றி இசைய, 1948 முதல் மாதர் முழுப் பட்டம் பெற்றனர். மாணவரின் புகழ்பெற்ற விவாதச் சங்கமோ 1963இலேதான் மாதரை உறுப்பினராக ஏற்றது.

1948க்கு முன் பயின்ற மாதரைச் சர்வகலாசாலை 1998இல் அழைத்துச் சிறப்பித்தது. நரைத்த தலையினராய் நூற்றுக்கணக்கானோர் வந்தனர். ஒரு காலத்திற் பொம்மை தொங்கிய இடத்துக்கு எதிரேயுள்ள செனற் மண்டபத்தினுள் நடந்து சென்றனர்.