வகுப்பறையில் அறிவியலும் சமயமும்

பள்ளி வகுப்பறையில் அறிவியலோடு சமயமும் பேசப்படலாமா என்னும் வினா நெடுநாளையது. பள்ளி வாயிலிலேயே நிறுத்தப்பட்ட நம் சமுதாயத்திற்கு அது வெறும் வாதப்பொருள் அன்று. நம் பிள்ளைகளின் தன்மானத்தைத் தொடுவதாகும்.

நமக்குப் பள்ளிக் கதவைத் திறந்தவர்களுள் சமயச் சார்புடையோரும் இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. கிறித்தவ மிஷன் பள்ளிகள் எழுத்தறிவு தந்தன. அதனோடு வேதபாடமும் தந்தன. சென்னை அடையாற்றில் 1894-இல் கர்னல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியை நிறுவினார். 1898-இல் அவர் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவிய அயோத்திதாசப் பண்டிதர், சாதி தெய்வ விதியன்று, வரலாற்றில் புகுத்தப்பட்டதே என்று எழுதினார். அவர் தொடங்கிய பௌத்த இயக்கத்தில் பங்கேற்ற லட்சுமி நரசு, கல்லூரியில் அறிவியல் கற்பித்த பேராசிரியர். பௌத்தத்தைப் பகுத்தறிவு கொண்டு ஆராய்ந்து அவர் 1907-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலை, அண்ணல் அம்பேத்கர் 1948-இல் மறுபதிப்பாகக் கொணர்ந்தார். அறிவியல் அறிந்த அப்பெரியார் சமயத்தை ஒதுக்கவுமில்லை, கண்மூடி ஏற்கவுமில்லை.

நம் அரசியல் சட்டமும் இவ்வழியே நிற்கிறது. அரசு நிதியால் மட்டுமே நடைபெறும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது 28-ஆம் பிரிவு. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்பது 1976-இல் சேர்க்கப்பட்டது. சமயங்களைப் பற்றி அறிவது வேறு, சமய போதனை வேறு என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இவ்வேறுபாட்டை மறந்தால் விளைவது யாது? 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் பேச வந்த ஒருவர், உடற்குறையோடு பிறப்பது முற்பிறவிப் பாவத்தின் பயன் என்றார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அவ்விடத்திலேயே எதிர்த்து வினவினார். பிறப்பால் தாழ்ந்தோம் என்று நம் முன்னோரை நம்பவைத்ததும் இதே வினைக்கொள்கை அன்றோ?

ஆதலின் சமயம் வகுப்பறையில் பேசப்படட்டும். ஆனால் ஆய்வுப் பொருளாகப் பேசப்படட்டும். கொண்டப்பநாயக்கன்பட்டிப் பிள்ளைகளுக்கு இதற்கான பாடம் சேலம் நகரிலேயே இருக்கிறது. பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபடப்பட்ட சிலையைத் தொல்லியல் வல்லுநர் ஆராய்ந்து, புத்தர் சிலை என அறிக்கை அளித்தனர். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அந்த ஒரு கல்லைக் கொண்டே வரலாறு, சமயம், அறிவியல் மூன்றையும் ஆசிரியர் கற்பிக்கலாம். வழிபட்டவரை இகழ வேண்டுவதில்லை. சான்று காட்டி மெய்யைக் கூறினால் போதும்.

கிரகணம் நிழலால் நேர்வது என்பதை அறிவியல் வகுப்பு ஐயமறக் கற்பிக்கட்டும். இராகு கேது கதை எப்படித் தோன்றியது என்பதை வரலாற்று வகுப்பு விளக்கட்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, விரும்பியதை எடுத்துக்கொள் என்பது கல்வியாகாது.

வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் இளைஞர்கள் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். எந்தப் பாடமாயினும், 'ஏன்?' என்று கேட்கும் பிள்ளையை அமரச் சொல்லாத வகுப்பறையே நாம் கேட்பது. அக்கேள்வியைக் கேட்கும் உரிமைக்காகவே நம் முன்னோர் பள்ளிக் கதவைத் தட்டினர்.