பாரிய காற்று மின்திட்டங்களில் மண்ணின் சமூகங்களின் கூட்டாண்மை: மன்னார்த் தீவு

காற்று, சூரிய ஒளி, நீர், புவிவெப்பம் ஆகியவற்றிலிருந்து பெருமளவில் மின்சாரம் பிறப்பிக்கும் திட்டங்களில், அவை அமையும் நிலத்தையும் கடற்கரையையும் தலைமுறைகளாகச் சார்ந்து வாழும் மக்கள் உரிமையாளராகவோ, வருவாயில் பங்குடையவராகவோ, முடிவெடுக்கும் தரப்பாகவோ இணைவது சமூகக் கூட்டாண்மை எனப்படும். கருத்துக் கேட்டல், நட்டஈடு, பாடசாலைக்கும் வீதிக்கும் நன்கொடை என்பவை இதிலிருந்து வேறானவை. அவற்றில் மக்கள் பயனாளிகளாகவோ பாதிக்கப்பட்டவர்களாகவோ இடம்பெறுகின்றனரே தவிரப் பங்காளிகளாக அல்ல. இலங்கையில் இந்த வேறுபாடு மன்னார்த் தீவின் காற்று மின்திட்டங்களில் தெளிவாக வெளிப்பட்டது.

சட்ட அடிப்படை

பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சபையின் 2007ஆம் ஆண்டுப் பிரகடனம், அவர்களது நிலங்களையும் வளங்களையும் பாதிக்கும் திட்டங்களுக்கு, முன்கூட்டியே விளக்கப்பட்டுச் சுதந்திரமாக அளிக்கப்படும் சம்மதத்தைக் கோருகிறது. இலங்கை அப்பிரகடனத்தை ஆதரித்து வாக்களித்தபோதிலும், சட்ட வலுவுடைய சர்வதேசத் தொழில் அமைப்பின் 169ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றுறுதி செய்யவில்லை. நாட்டில் பூர்வகுடிகளாகக் கருதப்படுவோர் வேடர் சமூகத்தினர். மன்னாரின் தமிழ், முஸ்லிம் மீனவ மக்கள் அவ்வாறு வகைப்படுத்தப்படாவிடினும், சிறுபான்மையினரின் பண்பாட்டு வாழ்வைக் காக்கும் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 27ஆம் உறுப்புரை, இலங்கை 1980இல் அதில் இணைந்தமையால், இங்கும் பொருந்தும். உள்நாட்டில், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்களின் கருத்துக்காக 30 நாட்கள் வைக்குமாறு விதிக்கின்றன. கருத்துச் சொல்லும் உரிமை அதில் உண்டெனினும் மறுக்கும் உரிமை இல்லை.

தம்பபவனியும் அதன் பின்னரும்

மன்னார்த் தீவின் தென்கரையில் தலா 3.45 மெகாவாட் திறனுடைய 30 காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி, ஆசிய அபிவிருத்தி வங்கியின் 20 கோடி டொலர் கடனுதவியுடன் இலங்கை மின்சார சபையால் அமைக்கப்பட்டு, 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. நடுக்குடாவில் திரட்டப்படும் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகளின் வழியே அனுராதபுரம் சென்று தேசிய மின்வலையமைப்பில் கலக்கிறது. திட்டத்தின் உரிமையும் வருவாயும் மின்சார சபைக்கே உரியனவாக அமைந்தன. கரைவலைப் பாடுகளை நம்பி வாழும் கிராமங்களுக்கு அதில் பங்கு எதுவும் வகுக்கப்படவில்லை. காற்றாலைகளுக்காகப் போடப்பட்ட வீதிகள் மழைநீரின் வடிகாலைத் தடுத்து வெள்ளத்தை உண்டாக்குகின்றன என்பதும், கரையோர மீன்பிடி குன்றியது என்பதும் மக்களின் முறைப்பாடுகள். வலசைப் பறவைகளின் மத்திய ஆசியப் பறப்புவழியில் தீவு அமைந்திருப்பதும், 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலை சரணாலயம் அண்மையில் இருப்பதும் சூழலியலாளரின் எதிர்ப்புக்கு வலுச் சேர்த்தன.

மன்னாரிலும் பூநகரியிலும் மொத்தம் 484 மெகாவாட் திறனுடன் ஏறத்தாழ 44 கோடி டொலர் முதலீட்டில் இந்தியாவின் அதானி நிறுவனம் முன்மொழிந்த திட்டத்துக்கு, அலகொன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலையில் 20 ஆண்டுகளுக்கு மின்சாரம் கொள்வனவு செய்ய 2024 மே மாதத்தில் அமைச்சரவை இணங்கியது. விலையும் சுற்றாடல் பாதிப்பும் கேள்விக்குள்ளாக, மன்னார் மறைமாவட்ட ஆயரும் சூழல் அமைப்புகளும் உயர் நீதிமன்றத்தை நாடினர். ஆட்சி மாற்றத்தின் பின் விலை மீளாய்வுக்கு உள்ளாக, 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது.

அதன் பின்னும் வேறு தனியார் நிறுவனங்களின் 50 மெகாவாட், 20 மெகாவாட் திட்டங்கள் தொடர்ந்தன. 2025 ஓகஸ்டில் பிரஜைகள் குழுவும் மதத் தலைவர்களும் மீனவரும் வீதியில் இறங்க, ஜனாதிபதி பணிகளை ஒரு மாதத்துக்கு இடைநிறுத்தினார். செப்டெம்பர் இறுதியில் காற்றாலைப் பாகங்கள் மீண்டும் எடுத்துச்செல்லப்பட்டபோது பொலிசாருக்கும் எதிர்ப்பாளருக்கும் இடையே மோதல் மூண்டது. அவ்விரு திட்டங்களும் தொடர அனுமதித்த அரசாங்கம், மக்களின் சம்மதமின்றித் தீவில் இனிப் புதிய காற்றாலைகள் அமையா என்ற நிலைப்பாட்டை அறிவித்தது.

முன்னோடி அனுபவம்

நீர்மின்சாரத்தையும் நீர்ப்பாசனத்தையும் இலக்காகக் கொண்ட துரித மகாவலித் திட்டத்தின் போது, 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டதால் வேடர் குடும்பங்கள் தம் வேட்டைக் காட்டை இழந்து ஹெனானிகலவில் குடியேற்றப்பட்டன. தம்பானையின் தலைவர் திசஹாமியைச் சேர்ந்தோர் வெளியேற மறுத்தனர். குடியேறியோருக்கு மீள்குடியேற்றக் காணி கிடைத்தது. மின்சார வருவாயில் பங்கு கிடைக்கவில்லை.

பிற நாடுகளின் நடைமுறை

கனடாவின் ஒன்ராறியோவில் 2019இல் இயங்கத் தொடங்கிய 300 மெகாவாட் ஹென்வி இன்லெற் காற்றுப் பண்ணையில் அந்நிலத்துக்குரிய முதற்குடியினர் சம பங்குடைய உரிமையாளராக இணைந்தனர். நியூசிலாந்தின் மொகாய் புவிவெப்ப நிலையத்தில் மாவோரிகளின் துவரோபாகி அறக்கட்டளை பெரும்பான்மைப் பங்கை வைத்துள்ளது. டென்மார்க்கின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் புதிய காற்றாலைகளின் 20 சதவீத உரிமையை அயலில் வாழ்வோருக்கு விற்க முன்வருமாறு கட்டாயப்படுத்தியது. சம்மதம் தவறிய இடங்களில் விளைவு வேறு: நோர்வேயின் ஃபோசன் காற்றாலைகள் கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் உரிமையை மீறுவதாக அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மேற்சொன்ன 27ஆம் உறுப்புரையின் அடிப்படையிலேயே, 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் கென்யாவின் 310 மெகாவாட் துர்க்கானா ஏரித் திட்டத்தின் காணி உறுதிகள் முறைகேடானவை எனத் தீர்ப்பாயிற்று. இரண்டிலும் காற்றாலைகள் எழுந்த பின்னரே தீர்ப்பு வந்தது.

மதிப்பீடு

2030இல் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது இலங்கையின் இலக்கு. அதற்கேற்ற காற்றுவளம் பெரும்பாலும் மன்னார், பூநகரி போன்ற வடக்குக் கரைகளில் உள்ளது. மன்னாரில் எழுந்த எதிர்ப்பு காற்றாலை என்ற தொழில்நுட்பத்தை மறுப்பதாக இருக்கவில்லை. இடத்தேர்வும் விலையும் இலாபப் பங்கீடும் கொழும்பில் தீர்மானமான பின்னரே தமக்கு அறிவிக்கப்படுகின்றன என்பதே அதன் மையக் குறை. எனவே சம்மதம் என்பது அரசாங்கத்தின் நிலைப்பாடாக மட்டும் நின்றால் ஆட்சியோடு மாறக்கூடும். சுற்றாடல் சட்டத்திலும் மின்கொள்வனவு ஒப்பந்தங்களிலும் சமூகத்தின் சம்மதமும் பங்கும் நிபந்தனைகளாக எழுதப்பட்டால் மட்டுமே அது கூட்டாண்மையாகும்.