கிடை கட்டாத நிலம்: காக்னிசன்ட் தலைமை மாற்றமும் முதலீட்டாளரின் அளவுகோலும்

முன்னுரை

தளர்ந்து நிற்கும் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் புதிய தலைமைச் செயல் அலுவலர் வருகிறார். அவர் தேறினாரா தவறினாரா என்பதை முதலீட்டாளர்கள் எந்தக் கணக்கை வைத்து முடிவு செய்கிறார்கள்? அந்தக் கணக்கு போதுமானதா? காக்னிசன்ட் நிறுவனத்தில் 2016 முதல் 2023 வரை நடந்தவற்றைக் கொண்டு இக்கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

இதற்குக் காக்னிசன்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அது 1994-இல் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவாகச் சென்னையில் தொடங்கியது. அதன் பங்குகள் 1998 முதல் நாஸ்டாக் சந்தையில் வாங்கி விற்கப்படுகின்றன. தலைமையகம் நியூஜெர்சியில் இருந்தாலும் உழைப்பின் பெரும்பகுதி இந்தியாவில்தான். பெரம்பலூர் வழியாகச் செல்லும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் வேலை தேடிப் போகும் இளம் பொறியாளர்களுக்கு நியூயார்க்கில் எழுதப்படும் ஒரு முதலீட்டாளர் கடிதம் தொலைதூரச் செய்தி அல்ல. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து பார்க்கும்போது இந்த விவாதத்தில் ஒரு தரப்பு விடுபட்டிருப்பது தெரியும். அத்தரப்பைக் கணக்கில் சேர்க்காத மதிப்பீடு முதலீட்டாளருக்கே பயன்படாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

விவாதத்தின் தொடக்கம்

2015-இல் காக்னிசன்டின் வருவாய் ஏறத்தாழ 21 சதவீதம் வளர்ந்தது. பிற இந்திய மென்பொருள் நிறுவனங்களைவிடக் குறைந்த லாப விகிதத்தை ஏற்று, மிச்சத்தை ஆட்களிலும் வாடிக்கையாளர் உறவிலும் போடுவதே அதன் நெடுநாள் வழக்கம். இயக்க லாபத்தை 19 முதல் 20 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது என்பதை வெளிப்படையாகவே அறிவித்திருந்தது. 2016-இல் வளர்ச்சி 9 சதவீத அளவுக்கு இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், இந்தியக் கட்டடங்கள் தொடர்பான முறையற்ற பணப் பட்டுவாடா குறித்து உள்விசாரணை நடப்பதாக நிறுவனம் அறிவிக்க, பங்கு விலை சரிந்தது.

இந்தச் சூழலில்தான் எலியட் மேனேஜ்மென்ட் என்ற முதலீட்டு நிறுவனம் 4 சதவீதத்துக்கு மேற்பட்ட பங்குகளுடன் 2016 நவம்பரில் இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதியது. லாப விகிதத்தை உயர்த்துங்கள், கையிலுள்ள பணத்தைப் பங்குதாரருக்குத் திருப்பிக் கொடுங்கள் என்பது அதன் சாரம். 2017 பிப்ரவரியில் உடன்பாடு ஏற்பட்டது. இரண்டு ஆண்டுகளில் 340 கோடி டாலர் பங்குதாரருக்குத் திரும்பும்; 2019-இல் லாப விகிதம் 22 சதவீதத்தைத் தொடும்; மூன்று புதிய தற்சார்பு இயக்குநர்கள் வருவார்கள்.

புதிய தலைமை வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அதன் மீதான மதிப்பெண் பட்டியல் இவ்வாறு எழுதப்பட்டுவிட்டது.

யாருடைய காலாண்டு?

12 ஆண்டுகள் தலைமை வகித்த பிரான்சிஸ்கோ டிசோசாவுக்குப் பின், 2019 ஏப்ரல் 1-ஆம் தேதி பிரையன் ஹம்ஃப்ரீஸ் பொறுப்பேற்றார். அவர் வோடஃபோன் பிசினஸிலிருந்து வந்தவர், காக்னிசன்டுக்கு வெளியாள். ஒரு மாதம் கழித்து முதல் காலாண்டு முடிவுகள் வெளிவந்தன. ஆண்டு வளர்ச்சி 7 முதல் 9 சதவீதம் என்றிருந்த கணிப்பு 3.6 முதல் 5.1 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பங்கு விலை ஏறத்தாழ 11 சதவீதம் விழுந்தது.

அந்தக் காலாண்டு மார்ச் 31-இல் முடிந்தது. அதில் ஹம்ஃப்ரீஸ் ஒரு நாள்கூடப் பணியில் இல்லை. ஆயினும் அவருடைய ஆட்சிக் கணக்கு அந்தச் சரிவிலிருந்தே எழுதப்பட்டது. தலைமையின் செயல்திறனை அளப்போர் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: எது முன்னவர் விட்டுச் சென்றது, எது இவர் தேர்ந்தது, எது சந்தை முழுவதற்கும் பொதுவானது.

அவராகத் தேர்ந்ததும் உண்டு. 2019 அக்டோபரில் அறிவித்த சீரமைப்பில் நடுநிலை, மேல்நிலைப் பணியாளர்கள் 10,000 முதல் 12,000 பேர் இருந்த இடத்திலிருந்து அகற்றப்படுவார்கள் என்றும், அவர்களில் 5,000 பேருக்கு மறுபயிற்சி தரப்படும் என்றும் சொல்லப்பட்டது. சமூக ஊடகப் பதிவுகளைத் தணிக்கை செய்யும் பணியைக் கைவிடும் முடிவு மேலும் 6,000 பேரைத் தொட்டது. 2020 ஏப்ரலில் மேஸ் என்ற பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) நிறுவனத்தின் கணினிகளைத் தாக்கியது. பெருந்தொற்றும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டின் வருவாய் முந்தைய ஆண்டைவிடச் சற்றே குறைந்தது.

இரு வாசிப்புகள்

ஹம்ஃப்ரீஸ் காலத்தை எண்களைக் கொண்டே இரண்டு விதமாக வாசிக்கலாம். முதல் வாசிப்பு அவருக்குச் சாதகமானது. 2020-இல் 12.7 சதவீதமாக இருந்த இயக்க லாப விகிதம் 2021-இல் 15.3 சதவீதமானது. அதே ஆண்டு வருவாய் 11 சதவீதம் உயர்ந்து 1,850 கோடி டாலரை எட்டியது. இரண்டாம் வாசிப்பு சகநிறுவனங்களோடு ஒப்பிடுவது. டிசிஎஸ், இன்ஃபோசிஸ், அக்சென்ச்சர் ஆகியவை பெருந்தொற்றுக்குப் பிந்தைய தேவையை வேகமாகப் பிடித்துக்கொள்ள, காக்னிசன்ட் பின்தங்கியது. இயக்குநர் குழு இறுதியில் இரண்டாம் வாசிப்பின் பக்கம் சாய்ந்தது. 2023 ஜனவரி 12-ஆம் தேதி ஹம்ஃப்ரீஸின் இடத்துக்கு இன்ஃபோசிஸின் முன்னாள் தலைவர் (பிரசிடென்ட்) ரவிக்குமார் வந்தார்.

இரண்டு வாசிப்புகளுக்கும் வருவாயும் லாபமுமே அடிப்படை. இரண்டையும் தாங்கி நிற்கும் மூன்றாவது எண் ஒன்று உண்டு: பணியாளர் விலகல் விகிதம். 2021 ஜூலை–செப்டம்பர் காலாண்டில் தாமாக விலகியோர் விகிதம், ஆண்டுக் கணக்கில், 33 சதவீதம். அப்போது இன்ஃபோசிஸ் 20.1 சதவீதமும் டிசிஎஸ் 11.9 சதவீதமும் அறிவித்தன. இவற்றை நேராக ஒப்பிடுவது பிழை. மற்ற இரண்டும் கடந்த பன்னிரண்டு மாதச் சராசரிகள், காக்னிசன்டுடையது ஒரே காலாண்டை நான்கால் பெருக்கியது. அந்த வேறுபாட்டைக் கழித்தாலும் இடைவெளி முழுதும் மறையாது. மூன்றில் ஒருவர் போய்க்கொண்டிருக்கும் வேகத்தில், வந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றக்கூட ஆள் போதாது.

வானம் பார்த்த நிலத்தின் கணக்கு

அரியலூர், பெரம்பலூர்க் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் மானாவாரியாகப் போடும் விவசாயிக்கு ஒரு கணக்கு தெரியும். அறுப்புக்குப் பின் நிலத்தில் ஆட்டுக்கிடை கட்டினால் ஆடு மேய்க்கும் கீதாரிக்குக் கூலி கொடுக்க வேண்டும். கட்டாமல் விட்டால் அந்தப் பணம் அந்த ஆண்டு மிச்சம். கணக்கு நோட்டில் அது லாபமாகவே தெரியும். நிலம் சத்திழந்தது அடுத்த வெள்ளாமையில்தான் தெரியும். சில வேளை அதற்கும் அடுத்ததில். அதற்குள் குத்தகைதாரர் மாறியிருந்தால், பழி புதியவர் தலையில் விழும்.

மென்பொருள் சேவையில் ஆட்களே நிலம். நடுநிலைப் பணியாளர்கள் புதியவர்களைத் தேற்றுகிறவர்கள்; வாடிக்கையாளரின் பழக்கமும் பழைய நிரல்களின் சிக்கலும் அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன. 2017-இல் லாப விகித உயர்வுக்குக் கொடுத்த வாக்குறுதியும் 2019-இல் நடுநிலையைக் குறைத்த முடிவும் 2021-இன் விலகலுக்கு வழிகோலின என்பது என் ஊகம். பெருந்தொற்றுக்குப் பிந்தைய ஆள் தேவை தொழில் முழுவதிலும் விலகலைக் கூட்டியது என்பதால், அவற்றை ஒரே காரணமாகச் சொல்ல இயலாது. ஆனால் 2017-இல் லாப விகிதத்தை உயர்த்தச் சொன்ன முதலீட்டாளர் தரப்பும் அதன் விளைவுகளில் பங்குடையது. தலைமையை மட்டும் மாற்றி, தான் கேட்டதை மறந்துவிடும் முதலீட்டாளர் முழுக் கணக்கைப் பார்க்கவில்லை.

வாக்கில்லாத முதலீட்டாளர்

2021 ஜூலையில் அந்த ஆண்டு 30,000 புதிய பட்டதாரிகளைப் பணியில் சேர்க்கப்போவதாகவும், அடுத்த ஆண்டுக்கு 45,000 பேருக்கு வாய்ப்புக் கடிதம் கொடுக்கப்போவதாகவும் காக்னிசன்ட் சொன்னது. வெளியேறுவோரின் இடத்தை நிரப்புவதற்கான ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

தமிழ்நாட்டில் 2010 முதல், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வருவோருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியலுக்கும் விரிந்தது. இவ்விரு வாசல்களின் வழியாக வரும் பிள்ளைகளுக்குச் சலுகை போக மீதியைக் குடும்பம்தான் போடுகிறது: கல்விக் கடன், நகை அடகு, நான்காண்டுக் காத்திருப்பு. இதுவும் முதலீடுதான். எலியட்டின் பணம் பல பங்குகளில் பரவியிருக்கும். ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும். மானாவாரிக் குடும்பத்தின் முதலீடு ஒரே பிள்ளையின் ஒரே படிப்பில் இருக்கிறது. அதற்கு வாக்குரிமை இல்லை, அதன் கேள்வியை இயக்குநர் குழுவிடம் கொண்டுபோக வழியும் இல்லை. 2022-க்குப் பின் தொழிலில் தேவை தளர்ந்தபோது பல நிறுவனங்களில் வாய்ப்புக் கடிதம் வாங்கியவர்கள் சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தனர். அந்தக் காத்திருப்பின் செலவு எந்த நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கிலும் ஏறாது.

ஒரு மறுப்பு, ஒரு சமநிலை

முதலீட்டாளரின் கடமை தன் பணத்தைக் காப்பது, பிறர் குடும்பத்தைக் காப்பது அல்ல என்று மறுக்கலாம். அந்த மறுப்பை முழுதாக ஏற்றாலும் என் வாதம் நிற்கிறது. ஆட்கள் நிற்பதும் போவதும் வருவாய்க்கு முன்னே வரும் அடையாளங்கள். பணத்தைக் காக்க நினைப்பவர் அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதே அளவுகோலை ரவிக்குமாருக்கும் வைக்க வேண்டும். அவருடைய முதல் ஆண்டான 2023-இல் வருவாய் ஏறவில்லை. 1,940 கோடி டாலர் அளவிலேயே நின்றது. பழைய கணக்கில் அது தோல்வி. விலகல் விகிதம், பன்னிரண்டு மாதச் சராசரியில், 13.8 சதவீதமாக இறங்கியது. என் கணக்கில் அது நல்ல அறிகுறி. ஆனால் அந்த ஆண்டு தொழில் முழுவதிலும் விலகல் குறைந்தது என்பதால் அப்பெருமை முழுவதையும் அவருக்குக் கொடுக்க முடியாது. பழியைப் பிரிப்பது போலவே புகழையும் பிரிக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று: இன்டெல் நிறுவனத்தில் 2021 பிப்ரவரியில் பொறுப்பேற்ற பாட் கெல்சிங்கர், புதிய ஆலைகளை எழுப்பப் பெருந்திட்டம் வகுத்து, அவை பலன் தருவதற்கு முன்பே 2024 டிசம்பரில் விலகினார். அங்கே நட்டதன் காலம் நீண்டது, பொறுமையின் காலம் குறுகியது. காக்னிசன்டில் சிக்கல் நேர்மாறானது: நிலத்தின் சத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னவர்கள், எடுத்த பின்னர் விளைச்சல் எங்கே என்று கேட்டனர்.

முடிவுரை

மூன்று மாற்றங்களை இக்கட்டுரை முன்வைக்கிறது. புதிய தலைமையின் முதல் நான்கு காலாண்டுகளை மதிப்பிடும்போது முன்னவரின் வாக்குறுதிகளையும் முதலீட்டாளரின் கோரிக்கைகளையும் அருகே வைத்துப் படிக்க வேண்டும். விலகல் விகிதத்தை எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் கணக்கிட்டு, தலைமையின் ஊதியத்தோடு அதை இணைக்க வேண்டும். கொடுத்த வாய்ப்புக் கடிதங்கள் எத்தனை, உரிய தேதியில் பணியில் சேர்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும்.

இந்தக் கடைசி எண்ணிக்கை அச்சேறினால், வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ கடிதத்தைக் கையில் வைத்துக் காத்திருக்கும் பிள்ளையின் நாட்கள் முதன்முறையாக முதலீட்டாளர் கண்ணில் படும். அடுத்த வெள்ளாமைக்கு நிலம் தேறியிருக்கிறதா என்பதையும் அவர் அங்கேதான் முதலில் காண்பார்.