உவரும் நன்னீரும்: தொண்டைமானாற்றுக் கரை வயல்களின் கதை

வல்லைவெளியைக் கடந்து பள்ளிக்கு வந்தவர்கள் நம்மிற் பலர். எதிர்க்காற்றில் சைக்கிளை உருட்டியபடி நடந்ததும், மாரியில் இருபுறமும் தண்ணீர் பரந்து கிடந்ததும், கோடையில் அதே தரை வெள்ளையாய் உப்புப் பூத்துக் கிடந்ததும் நினைவிருக்கும். புவியியற் கொப்பியில் அதனைக் 'கடனீரேரி' என்று எழுதினோம். அதன் கரையில் நம் முன்னோர் நெல் விளைவித்த வரலாற்றை நாம் படிக்கவில்லை.

தொண்டைமானாறு பெயரில் மட்டுமே ஆறு. உண்மையில் அது குடாநாட்டின் உள்ளே நீண்டு கிடக்கும், ஏறத்தாழ 30 சதுர மைல் பரப்புள்ள வடமராட்சிக் கடனீரேரியின் வாய். கரணவாய், வெள்ளைப்பரவை உப்பை ஏற்றிச் செல்லச் சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் அதனை வெட்டுவித்தான் என்பது வழிவழி வந்த கதை. ஒருவருக்குச் செல்வமான உப்பு, பக்கத்து வயற்காரருக்குப் பகையாயிற்று.

கப்பூது, வாதரவத்தை போன்ற கரையோர ஊர்களில் வயல் முழுவதும் வானத்தை நம்பியே இருந்தது. ஆவணி, புரட்டாதியில் உழுது விதைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணிலுள்ள உவரைக் கழுவிக் கீழே இறக்கினாற்றான் பயிர் நிமிரும். மழை பிந்தினால் முளை கருகும். மிஞ்சினால் தாழ்ந்த வயல் மூழ்கும். மொட்டைக்கறுப்பன் போன்ற நாட்டு நெல்லினங்கள் இந்த நிலத்தில் நிலைத்தவை. நெல்லுக்கு உதவாத உவர்நிலம் தரவையாகி, ஆடுமாடுகளுக்கு மேய்ச்சலாயிற்று.

கடல்நீர் உள்ளே வராமல் தடுத்து, மாரிவெள்ளத்தைத் தேக்கினால் ஆண்டுக்காண்டு உவர் குறையும், கிணறுகளும் நன்னீராகும் என்ற எண்ணம் பழையது. 1950களின் முற்பகுதியில் தொண்டைமானாற்றில் தடுப்பணை எழுந்தது. 1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் அதனிலும் பெரிய திட்டமொன்றை முன்வைத்தார். கனகராயன் ஆற்று நீர் வந்து சேரும் ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக்குக் கொண்டுவருவது அது. 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று பேசப்பட்ட அத்திட்டம் முழுமை பெறவில்லை. தடுப்பணைக் கதவை எப்போது திறப்பது என்பதிலும் ஒருமனம் இருக்கவில்லை. வயல் மூழ்காதிருக்க வேண்டும் என்றார் கமக்காரர். இறால் உள்ளே வரவேண்டும் என்றார் மீனவர். இரண்டுமே வயிற்றுப்பாடுதான்.

பின்னர் போர் வந்தது. பராமரிப்பின்றி அணையின் கதவுகள் பழுதாயின. பல வயல்கள் தரிசாயின. 1995 ஐப்பசியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நம் வகுப்பு வாங்குகளில் இருவர் இடத்தில் நால்வர் இருந்தோம். பள்ளிக் கிணற்றில் விடியமுதல் இரவுவரை வாளி விழுந்தது. சில வாரங்களில் தண்ணீர் கரித்தது. காரணம் அன்று நமக்குத் தெரியாது. சுண்ணக்கல்லின் உள்ளே உவர்நீரின்மேல் நன்னீர் மெல்லிய ஆடைபோல மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி அள்ளினால் கீழேயுள்ள உவர் மேலே ஏறும். வயலுக்கு நேர்ந்ததே கிணற்றுக்கும் நேர்ந்தது.

நம்மில் மருத்துவரானவர்களுக்கு இது பழங்கதை அன்று. தோட்டங்களில் மிஞ்சிய பசளையும் மலக்குழிக் கழிவும் சேர்ந்து, குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் குறித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியுள்ளது. பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. போருக்குப் பின் அணை திருத்தப்பட்டது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் வந்துள்ளது. ஆயினும் மழைநீர் நிலத்துக்குள் இறங்காவிட்டால் எந்தக் குழாயும் நம் கிணற்றைக் காக்காது.

அந்த நீர் இறங்குவது வயலிலும் குளத்திலும் துரவிலும் தரவையிலுமே. அவற்றிற் பல இன்று நம் பெயரில் உள்ளன. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு, 'சும்மா கிடக்கிற பள்ளக்காணி' என்று மண் நிரப்பி விற்க நினைக்கிறோம். அது சும்மா கிடக்கவில்லை. ஊருக்குத் தண்ணீர் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நூற்றாண்டு காணும் பள்ளிக்கு நாம் கட்டடம் கட்டிக் கொடுப்போம். அத்துடன் நம் காணியில் உள்ள துரவைத் தூர்க்காமலும் விடுவோம். நாளை வரும் பிள்ளைகளும் அதே கிணற்றில்தான் தண்ணீர் குடிக்கப்போகிறார்கள்.