மலைக்கோட்டைக் கணக்கு

"தினமும் மலைக்கோட்டை ஏறுங்க, ஒரே மாசத்துல தொப்பை கரைஞ்சிடும்." ஸ்ரீரங்கம், திருச்சி இரண்டு பக்கமும் கேட்ட பேச்சுதான். 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே குடைவரை எடுத்த நாளிலிருந்து ஏறிக்கொண்டுதான் இருக்கிறோம். தொப்பையும் கூடவே ஏறுகிறது.

குன்று சுமார் 83 மீட்டர். 70 கிலோ ஆள் உச்சிக்கு ஏற, தசையின் திறன் கால்வாசி என்று வைத்தால், செலவு சுமார் 55 கலோரி. ஒரு இட்லி!

1958-இல் நியூயார்க் மருத்துவர் மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி, ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என்றார். கிலோவுக்கு சுமார் 7,700. அதாவது 140 தடவை ஏறணும். அதுவும் முழுசா சரியில்லை; எடை இறங்க இறங்க உடம்பு தன் செலவையும் சுருக்கிக்கொள்ளும்.

நெஞ்சுக்கும் காலுக்கும் படி நல்லதுதான். முட்டி தேய்ந்தவர்கள் தொப்பைக்காக மூச்சு வாங்க ஏறுவதைப் பார்த்தால்தான் மனசு கேட்கவில்லை.