சிறிய கடல்நீர்த் தொட்டிக்கு ஏற்ற மீன்களைத் தேர்வு செய்வது எப்படி?

கப்பி, மோலி, தங்கமீன் என்று நன்னீர் அலங்கார மீன் வளர்ப்பில் அனுபவம் பெற்ற பலர், அடுத்ததாகக் கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறார்கள். ஒரு கோமாளி மீனுக்குக் கொடுக்கும் பணத்தில் கப்பி மீன்களைப் பை நிறைய வாங்கிவிடலாம். அந்த விலைதான் ஆசையைக் கிளப்புகிறது. நட்டம் வந்தால் அதுவும் அதே அளவுக்குப் பெரிதாக இருக்கும். முதல் முறை தொட்டி வைப்பவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் தவறான மீனை வாங்குவதால்தான். அதனால் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் தொட்டியின் அளவு

3 அடி நீளம், 1¼ அடி அகலம், 1¼ அடி உயரம் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு கன அடிக்கு 28 லிட்டர் என்ற கணக்கில் 130 லிட்டர் வரும். மணல், ஓடு, மேலே விடும் இடைவெளி போக சுமார் 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். கடல்நீர் வளர்ப்பில் இது சிறிய தொட்டிதான். இதைவிடச் சிறியதை முதல் தடவையே வாங்க வேண்டாம். தண்ணீர் குறையக் குறைய வெப்பமும் உப்பும் வேகமாக ஏறி இறங்கும். கடல் மீன்களால் அதைத் தாங்க முடியாது.

100 லிட்டருக்கு நான்கு சிறிய மீன்கள் போதும். நன்னீர்த் தொட்டியில் இருபது முப்பது மீன் விட்டுப் பழகியவர்களுக்கு இது வெறுமையாகத் தெரியும். ஆனால் உப்புநீரில் கரையும் ஆக்சிஜன் குறைவு. கடல்நீரின் கார அமில நிலை 8.2 அளவில் இருப்பதால், மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியாவின் நஞ்சும் நன்னீரில் உள்ளதைவிடக் கடுமையாக வேலை செய்யும்.

தண்ணீர் தயாரான பிறகுதான் மீன்

கடலோர கிராமங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது, அதையே ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. வாயில் உப்புக் கரித்தாலும் அதிலுள்ள தாது உப்புகளின் விகிதம் கடல்நீரைப் போல இருக்காது. சமையல் உப்பைக் கரைத்து ஊற்றுவதும் பயன் தராது. கடலில் இருந்து எடுப்பதானால் முகத்துவாரம், சாக்கடை, உப்பளம், இறால் பண்ணை வடிகால் ஆகியவற்றுக்குத் தள்ளி, மழை பெய்யாத நாட்களில் எடுங்கள். துணியில் வடிகட்டி, மூடிய பிளாஸ்டிக் டிரம்மில் சில நாட்கள் இருட்டில் வைத்துத் தெளிய விடுங்கள். கடல் தூரமாக உள்ளவர்கள் மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவையை வாங்கி, லிட்டருக்கு 35 கிராம் அளவில் ஆர்.ஓ. தண்ணீரில் கரைக்கலாம். 100 லிட்டருக்கு மூன்றரை கிலோ ஆகும்.

பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் பார்த்திருப்பீர்கள். அதே போல உப்பின் அடர்த்தி பார்க்க ஹைட்ரோமீட்டர் இருக்கிறது. 1.023 முதல் 1.025 வரை காட்ட வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்புங்கள். உப்பு ஆவியாவதில்லை, மறுபடி உப்புத் தண்ணீரை ஊற்றினால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும்.

தண்ணீர் நிரப்பிய மறுநாளே மீன் விடக் கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் மணலிலும் வடிகட்டியிலும் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நிலத்தில் நுண்ணுயிரி பெருகாமல் தொழு உரம் பயிருக்குச் சேராது அல்லவா, இதுவும் அப்படித்தான். தினமும் சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டு, வடிகட்டியை ஓட விட்டுக் காத்திருங்கள். சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டிய பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

கை பழக கறுப்பு மோலி

பெரும்பாலான கடைக்காரர்கள் சொல்லாத வழி ஒன்று உண்டு. நன்னீரில் வளரும் மோலி மீனைக் கடல்நீருக்குப் பழக்கிவிடலாம். சென்னையை அடுத்த கொளத்தூரிலிருந்து வரும் அதே கறுப்பு மோலிதான். ஒரு வாளி நன்னீரில் விட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல்நீரைக் கலந்து, ஒரு வாரத்தில் முழுக் கடல்நீருக்குக் கொண்டு வர வேண்டும். பழகிய பிறகு அதிலேயே குட்டி போடும்; கண்ணாடியில் படியும் பாசியையும் மேயும். இரண்டு மாதம் மோலியை வைத்துத் தண்ணீர் மாற்றவும், உப்பு அளக்கவும், மின்வெட்டைச் சமாளிக்கவும் கற்றுக்கொண்டால், கைத்தவறால் ஏற்படும் இழப்பு சில ரூபாயோடு முடியும்.

சிறிய தொட்டிக்கு ஏற்ற மீன்கள்

முதல் இடம் கோமாளி மீனுக்குத்தான். ஆரஞ்சு நிறத்தில் மூன்று வெள்ளைப் பட்டைகளோடு இருக்கும் ஆசெல்லாரிஸ் வகை, நான்கு அங்குலத்துக்கு மேல் வளர்வது அரிது. கடலில் இது கடல் சாமந்தியின் கொடுக்குகளுக்குள் வாழும். தொட்டியில் கடல் சாமந்தி இல்லாமலே நன்றாக இருக்கும். கடைக்காரர் இரண்டையும் சேர்த்து விற்கப் பார்த்தால் மீனை மட்டும் வாங்குங்கள். கடல் சாமந்திக்கு வலுவான வெளிச்சமும் பல மாதம் பழகிய தொட்டியும் தேவை. அது செத்தால் ஒரே இரவில் தண்ணீர் முழுவதும் கெட்டுவிடும்.

கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே வளரத் தொடங்குபவை. கூட்டத்தில் வலுவானது பெண்ணாக மாறும். ஆண், பெண் பார்த்து வாங்கத் தேவையில்லை. அளவில் வித்தியாசம் உள்ள இரண்டு இளம் மீன்களை ஒன்றாக விட்டால் பெரியது பெண்ணாகி, காலப்போக்கில் ஜோடி சேரும். மூன்றாவதாக ஒன்றை விட்டால் அதை இரண்டும் சேர்ந்து கடித்தே கொன்றுவிடும். ஜோடி நிலைத்தால் சுட்ட ஓட்டின் மேல் முட்டையிடும். ஆண் மீன் காவல் காக்கும். சுமார் ஒரு வாரத்தில், இருட்டிய பிறகு பொரிக்கும். குஞ்சுகளுக்கு முதல் தீவனம் ரோட்டிஃபர் என்ற கண்ணுக்கு எட்டாத நுண்ணுயிரி. அதற்குத் தனியே பாசி வளர்க்க வேண்டும். குஞ்சு எடுத்து விற்கலாம் என்ற எண்ணம் இருந்தால், இந்தப் படியைப் பயிற்சியில் நேரில் பார்க்காமல் முதலீடு செய்யாதீர்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் கோமாளி மீன் குஞ்சு உற்பத்தியில் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறது. விசாரிக்க வேண்டிய இடம் அதுதான்.

இரண்டாவது, பங்காய் கார்டினல். கறுப்புப் பட்டையும் வெள்ளிப் புள்ளியும் கொண்ட இந்த மூன்று அங்குல மீனின் தாயகம் இந்தோனேசியாவின் சுலாவெசி அருகே உள்ள தீவுகள். சண்டைக்குப் போகாமல் ஓரிடத்தில் நிதானமாக மிதக்கும். ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து, ஏறக்குறைய ஒரு மாதம் சரியாகச் சாப்பிடாமல் அடைகாக்கும். வெளியே வரும் குஞ்சுகள் ஆர்ட்டீமியா குஞ்சைத் தின்னும் அளவுக்குப் பெரிதாக இருப்பதால், சிறு அளவில் குஞ்சு எடுப்பவர்களுக்கு இது கோமாளியைவிட எளிது. கடலில் இதன் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

தரையோடு கிடக்கும் மஞ்சள் கோபி ஒன்று வைக்கலாம். மேல்பகுதிக்கு ஃபயர்ஃபிஷ் அழகுதான், ஆனால் பயந்தால் துள்ளி வெளியே விழும்; வலை மூடி இல்லாமல் வாங்க வேண்டாம்.

நீல டாம்செல் எல்லாவற்றிலும் மலிவு, எதையும் தாங்கும். அதனாலேயே புதியவர்களுக்கு அதைத் தள்ளிவிடுவார்கள். முதலில் விட்டால் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டு, பின்னால் வரும் மீன்களைத் துரத்தும். வேண்டுமானால் ஒன்றே ஒன்றை, எல்லா மீனுக்கும் கடைசியாக விடுங்கள்.

வாங்கக் கூடாதவை

நானே ஏமாந்ததைச் சொல்கிறேன். முதல் தொட்டிக்கு ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீன் வாங்கி வந்தேன். "எல்லாம் சாப்பிடும்" என்றார் கடைக்காரர். எந்தத் தீவனத்தையும் தொடவில்லை. ஒன்பதாம் நாள் செத்தது. இந்த இனத்தில் பல வகைகள் பவளப் பூச்சிகளை மட்டுமே தின்பவை என்பது பிறகுதான் தெரிந்தது. மாண்டரின் மீனும் இதே ரகம். மணலில் உயிரோடு ஊரும் நுண்ணுயிரிகள் இல்லாவிட்டால் பட்டினியிலேயே மெலிந்து போகும்.

சினிமாவால் புகழ்பெற்ற நீல டாங் கடையில் இரண்டு அங்குலமாக இருக்கும். வளர்ந்தால் ஓர் அடி. களவா, கிளாத்தி, பேத்தை குஞ்சுகளையும் அழகைப் பார்த்து வாங்காதீர்கள். களவா வாய்க்குள் அடங்கும் மீனை விழுங்கிவிடும், மற்ற இரண்டும் துடுப்பைக் கடிக்கும். சிங்க மீனின் முள்ளில் விஷம் உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கடல் குதிரையும் பவளப் பாறையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. யாராவது கொண்டு வந்து கொடுத்தாலும் வாங்கி வைப்பது குற்றம். கரை ஒதுங்கிய பவளத் துண்டும் அப்படியே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. மீன் ஒளிய இடம் வேண்டுமென்றால் உடைந்த மண்பானை ஓட்டையே நன்றாகக் கழுவிப் போடலாம்.

கடையில் பார்க்க வேண்டியது

மீன் கடைக்கு வந்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். உங்கள் கண் எதிரில் தீவனம் போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை வாங்காதீர்கள். வயிறு ஒட்டியிருந்தாலும், தலைக்குப் பின்னால் முதுகு ஒடுங்கியிருந்தாலும், செவுள் வேகமாக அடித்தாலும் விட்டுவிடுங்கள். உடலில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி இருந்தால், அந்தத் தொட்டியிலுள்ள எந்த மீனும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பையை மிதக்கவிட்டு, ஒரு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்த பிறகு மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முடிந்தவர்கள் புது மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது நல்லது.

விவசாயிகள் வீட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. மருந்து அடித்த கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். பூச்சிமருந்து துளி பட்டாலும் மீன் சாகும். மயில்துத்தம் கலந்த கையானால் தொட்டியிலுள்ள இறாலும் நத்தையும் முதலில் போகும். மருந்து டப்பா, ஸ்பிரேயர் இருக்கும் அறையிலும், கொசுவர்த்தி கொளுத்தும் அறையிலும் தொட்டி வேண்டாம். தகரக் கொட்டகையும் சரிப்படாது. தண்ணீர் வெப்பம் 28 டிகிரிக்குள் இருக்கும் ஓட்டு வீடோ மாடி வீட்டின் கீழ்த்தளமோ ஏற்றது. மின்வெட்டு அதிகமுள்ள ஊரானால், மீன் வாங்கும் அன்றே பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றையும் சேர்த்து வாங்கி வாருங்கள்.